சதையோடு ஒட்டிய முகமூடி: ‘ஒனிபாபா’ திரைப்படத்தின் வரலாறு

ஜப்பானின் எச்சிசென் பகுதியில் யோஷிசாகி என்றோர் ஊர் உண்டு. தூய நிலப் பௌத்த நெறியின் பேராசான் ரென்னியோ 1471ஆம் ஆண்டில் அங்கு மடம் அமைத்து அறம் உரைத்தார். அவ்வூரைச் சார்ந்து ஒரு கதை வழங்குகிறது. இரவில் மடத்துக்கு வழிபடச் செல்லும் மருமகளைத் தடுக்க எண்ணிய மாமியார், பேய் முகமூடி அணிந்து அவளை அச்சுறுத்தினாள். வீடு திரும்பியபோது முகமூடி கழலவில்லை. மனம் நைந்து புத்தரின் திருப்பெயரைச் சொன்ன பின்னரே அது பெயர்ந்தது. சதையும் உடன் பிய்ந்து வந்தது என்று கூறுவாரும் உளர்.

இக்கதையைக் கருவாகக் கொண்டு கானெடோ ஷிண்டோ எழுதி இயக்கிய ‘ஒனிபாபா’ 1964ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. பெயருக்குப் பேய்க்கிழவி என்பது பொருள். இரு அரச மரபுகள் ஆட்சியுரிமைக்குப் போரிட்ட பதினான்காம் நூற்றாண்டே கதை நிகழும் காலம். உழவன் ஒருவன் போருக்கு இழுத்துச் செல்லப்பட்டான். அவன் தாயும் மனைவியும் ஆளுயரப் புல்வெளியில் எஞ்சினர். உழுவதற்கு ஆளில்லை. வழிதவறி வரும் வீரர்களைக் கொன்று, உடல்களை ஆழ்குழியில் தள்ளி, கவசங்களைத் தினைக்கு விற்று அவர்கள் உயிர்வாழ்கின்றனர். உடன் சென்ற அண்டைவீட்டான் ஹாச்சி தனியனாய்த் திரும்பி, மகன் இறந்தான் என்கிறான். இளையவள் இரவில் அவனைத் தேடி ஓடத் தொடங்குகிறாள். அவள் போய்விட்டால் மூத்தவள் பசியால் மடிவாள். ஆகவே, அவளைத் தடுக்க மூத்தவள் முகமூடி அணிகிறாள்.

ஷிண்டோ செய்த மாற்றங்களே ஆராயத்தக்கவை. மருமகள் செல்வது கோயிலுக்கன்று, ஆடவனிடம். முகமூடியும் மாமியாருடையதன்று; அந்தப் புல்வெளியில் வழிகேட்டு வந்த சாமுராய் ஒருவனுடையது. அவனைக் குழியில் வீழ்த்தி அவள் அதை எடுக்கையில், உள்ளிருந்த முகம் சிதைந்து கிடக்கிறது. போரை நடத்தியவன் முகத்திலிருந்து போரால் பட்டினி கிடந்தவள் முகத்துக்கு அது மாறுகிறது. மூலக்கதையில் இறுதியில் வாய்த்த புத்தரின் அருள் இங்கு இல்லை. சம்மட்டிதான் முகமூடியை உடைக்கிறது. இதைப் பேய்ப்படம் என்று வகைப்படுத்துவது வழக்கமேயாயினும், இதில் பேய் எதுவும் இல்லை என்பதை மறத்தலாகாது.

இம்மாற்றங்களின் வேர் இயக்குநரின் வாழ்விலேயே உள்ளது. 1912ஆம் ஆண்டு ஹிரோஷிமா மாவட்டத்தில் பிறந்த அவர், 1944இல் கடற்படையில் சேர்க்கப்பட்டார். அவர் பிரிவில் நூறு பேர். யாரை எங்கு அனுப்புவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர். தொண்ணூற்று நால்வர் மாண்டனர். பிழைத்த அறுவருள் அவரும் ஒருவர். திரும்பியபோது பிறந்த மண்ணில் அணுகுண்டு விழுந்திருந்தது. முகமூடியின் கீழ் வெந்த முகத்தை அணுகுண்டால் உருக்குலைந்தோர் முகங்களை நினைந்தே அமைத்ததாக அவரே கூறியுள்ளார்.

பெரும் நிறுவனங்களின் பிடியிலிருந்து விலக எண்ணி, இயக்குநர் கோசாபுரோ யோஷிமுரா, நடிகர் தாய்ஜி தோனோயாமா ஆகியோருடன் அவர் 1950இல் தனி நிறுவனம் தொடங்கியிருந்தார். மூத்தவளாக நடித்த நொபுகோ ஒட்டோவாவும் பெருநிறுவனத்தை விட்டு அவருடன் இணைந்தவரே. அப்போது நாற்பது வயதையும் எட்டாதவர். இளையவள் ஜிட்சுகோ யோஷிமுரா. ஹாச்சி, கெய் சாட்டோ. சிபா மாவட்டத்து இன்பா சதுப்புநிலத்தில், குடில்கள் அமைத்துத் தங்கியே குழுவினர் கோடை முழுதும் படம்பிடித்தனர். இடையில் விட்டுச் செல்வோர்க்கு ஊதியம் இல்லை என்பது விதி. அக்கடுமைக்குப் பயன் இல்லாமற் போகவில்லை. கியோமி குரோடாவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவில் காற்றில் அலையும் அந்தப் புல், நடிகர்க்கு நிகரான ஒரு பாத்திரமாகவே விளங்குகிறது. ஹிகாரு ஹயாஷியின் முரசொலியோ நெஞ்சை அறையும்.

இறுதிக் காட்சியில் இளையவள் அலறி ஓடுகிறாள். சிதைந்த முகத்துடன் மூத்தவள், தான் பேயல்ல, மனிதப்பிறவியே எனக் கதறித் தொடர்கிறாள். இளையவள் குழியைத் தாண்டிவிடுகிறாள். மூத்தவள் தாவியவாறு நிற்கையில் படம் முடிகிறது. தாண்டினாளா வீழ்ந்தாளா என்பது காட்டப்படவில்லை.

அந்நூறு பேரின் கதையை ஷிண்டோ நேரடியாகச் சொன்னது பின்னரே. 2011இல் வெளியான ‘அஞ்சலட்டை’ அவருடைய கடைசிப் படம். மறு ஆண்டு, நூறு வயதில் மறைந்தார். அதிலும் பிழைத்தவன் ஒருவன், மாண்ட தோழனின் மனைவியைத் தேடி அவள் குடிசை வாசலில் வந்து நிற்கிறான்.