பற்றரி பழகிய பொருள்தான், ஆனாலும் கவனம்

தெமோதரை லயத்தில் மின்சாரம் வருமுன், ரிவி பார்ப்பதற்காக கார் பற்றரியைச் சார்ஜ் செய்து தோளில் சுமந்து வந்தவன் நான். போர்க்காலத்தில் வடக்கில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். பற்றரி நமக்குப் பழகிய பொருள். அந்தப் பழக்கம்தான் ஆபத்து. இன்று நம் பிள்ளைகள் கொழும்பிலும் வளைகுடாவிலும் களஞ்சியங்களில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார்கள்.

அதன் ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். காற்றில் அது 4 வீதம் சேர்ந்தால் ஒரு தீப்பொறியே போதும். வாயு கூரைப் பக்கம் ஏறுவதால் மேலே காற்றுவழி வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, மோதிரத்தைக் கழற்றுங்கள். சார்ஜரை நிறுத்திய பிறகே வயரைக் கழற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கேட்டு வாங்குங்கள். அது சலுகை அல்ல, உங்கள் உரிமை.