தங்கவயல் தூசியும் ரத்தத்தில் செம்பும்

என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். வட ஆர்க்காட்டுக் காய்ந்த நிலத்தை விட்டு அங்கே போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. லைன் வீட்டில் வளர்ந்த நான் பெங்களூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ரத்தத்தில் செம்பும் துத்தநாகமும் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது அங்கே எனக்குத் தொழில்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இந்தப் பெருமைகள் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. நான் சொல்ல வந்தது தூசியை. அங்கே தங்கம் வெங்கச்சங்கல்லுக்குள் ஒளிந்திருந்தது. அந்தக் கல் முழுக்கச் சிலிக்கா. தண்ணீர் விடாமல் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத மாவு கிளம்பும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். அதை விழுங்கும் காவல் செல்கள் செத்து விழும், விழுந்த இடம் தழும்பாகும். இதுதான் சிலிகோசிஸ். தழும்பேறிய நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும்.

இது தெரியாத காலமல்ல அது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்தத் தூசி நோய்க்கு 1911இலேயே சட்டம் வந்துவிட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930இல் ஜொகன்னஸ்பர்க்கில் இதற்கென மாநாடே கூட்டியது. தங்கவயல் இருந்த மைசூர் சமஸ்தானத்தில் சிலிகோசிஸ் இழப்பீட்டு விதிகள் வர 1940 ஆனது. 1947இல் வெளியான தங்கவயல் ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்கு அந்நோய் இருந்தது. முதல் குழி தோண்டியபோதே தூசியும் இருந்தது. அதற்கு விதி எழுத அறுபது வருஷம் எடுத்துக்கொண்டார்கள். இதை நான் தாமதம் என்று சொல்ல மாட்டேன். அநியாயம் என்றுதான் சொல்வேன்.

என் தாத்தாவின் மருத்துவச் சீட்டில் டி.பி. என்று மட்டுமே இருந்தது. பாட்டி அதைத் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். டி.பி. என்றால் வீட்டு நோய். சிலிகோசிஸ் என்றால் வேலை கொடுத்த நோய், காசு தரவேண்டிய நோய். ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் வருமானம் தொங்கியது.

அன்றைக்கு ரத்தத்தைக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்குமா? உலோகங்களை இவ்வளவு எளிதாக அளக்கும் அணு உட்கவர் முறையை ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் வெளியிட்டதே 1955இல்தான். பின்னாளில் சிலிகோசிஸ் நோயாளிகளை அளந்தவர்கள், ரத்தத்தில் செம்பு கூடியிருப்பதைக் கண்டார்கள். உடம்பில் அழற்சி மூண்டால் கல்லீரல் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். செம்பைச் சுமப்பது அதுதான். துத்தநாகமோ ரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்குள் போய்க் குறையும். ஆனால் காசநோயிலும் இதேதான் நடக்கும், முடக்குவாதத்திலும் நடக்கும். கர்ப்பிணிக்குக்கூடச் செம்பு ஏறும். உள்ளே ஏதோ எரிகிறது என்று செம்பு சொல்லும். எரித்தது எந்தத் தூசி என்று சொல்லாது. கார்பைடு கருவி தீட்டும் பட்டறைக்காரருக்கு கோபால்ட் ரத்தத்திலும் சிறுநீரிலும் அகப்படும், ஏனென்றால் அங்கே தூசியே உலோகம். வெங்கச்சங்கல் தூசிக்கு அப்படியொரு சாட்சி ரத்தத்தில் இல்லை.

அதனால்தான், ரத்தத்திலேயே வேலை செய்தவளாக இருந்தும், சிலிகோசிஸில் நான் முதலில் நம்புவது மார்பு எக்ஸ்ரேயையும் வேலைச் சான்றையும். எத்தனை வருஷம், எந்தச் சுரங்கம், டிரில்லிலா மேலே ஆலையிலா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கொடுக்கும் செம்பு அளவு வெறும் எண்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. ஆனால் சிலிகோசிஸ் தூசியை விட்டு வந்த பிறகும் வளரக்கூடியது. அங்கே உழைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், இருமல், மூச்சிரைப்பு என்று மருத்துவரிடம் போகும்போது சுரங்க வேலையை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பழைய பணிச் சான்று, எக்ஸ்ரே படம், சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.