வேண்டா மின்னஞ்சல்: செலவு யாருடையது?

1. வேர்

கடிதம் அனுப்பத் தபால் தலைக்குக் காசு வேண்டும். மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்பினாலும் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புபவர் கையை அதிகம் கடிப்பதில்லை. செலவாவது பெறுபவரின் நேரம். வேண்டாததை மட்டும் தேர்ந்து மறுக்க, அஞ்சலைப் பெறும் கணினிக்கு வழியில்லை என்று கணினி அறிஞர் ஜான் போஸ்டல் 1975லேயே குறிப்பெழுதிவிட்டார். 1978 மே மாதம் டிஇசி நிறுவனத்தின் கேரி துவெர்க், தம் கணினிகளுக்கான விளம்பரத்தை இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு அனுப்பினார். எரிதம் (பேச்சில் ஸ்பேம்தான்) அப்படித் தொடங்கியது.

2. இரு வகை

முன்பின் தெரியாதவர் அனுப்புவது ஒன்று. 2002இல் நிரலாளர் பால் கிரஹாம் விளக்கிய நிகழ்தகவு வடிகட்டி முறை, சொற்களை எடைபோட்டு இதைப் பிடித்தது. இன்றைய வடிகட்டிகள் இன்னும் கூர்மையானவை.

நாமே வரவழைத்தது மற்றொன்று. துணிக்கடை பில்லுக்காகக் கொடுத்த முகவரி, செயலியில் படிக்காமல் தட்டிய ‘சம்மதம்’ எல்லாம் இதில் சேரும். அனுப்புநர் உண்மையானவர், அனுமதியும் இருக்கிறது. வடிகட்டி ஏன் தடுக்கப்போகிறது? இன்பாக்ஸ் நிரம்பி வழிவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் துணிபு.

3. சட்டம்

அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், ‘வேண்டாம்’ என்று சொல்லும்வரை அனுப்ப இடம் தருகிறது. சொன்னபின் 10 வேலைநாளில் நிறுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை முன்சம்மதம் கேட்கிறது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிகள் தொலைபேசி அழைப்பையும் குறுஞ்செய்தியையும் பற்றியவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தொல்லை தரும் மின்னஞ்சலைத் தொட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கியது. கருத்துரிமை நோக்கில் சரியான தீர்ப்பு. ஆனால் அந்த இடம் காலியாகவே நின்றது.

4. கையாளும் முறை

சட்டம் செய்யாததைச் சேவை நிறுவனங்கள் ஓரளவு செய்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர், விளம்பர அஞ்சலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கூகுள் 2024இல் விதித்தது. ஸ்பேம் புகாரும் 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆயிரத்தில் மூன்று பேரின் புகாரே அனுப்புநரைத் தடுமாறச் செய்யும்.

ஆகவே, தெரிந்த கடையின் அஞ்சல் என்றால் ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்துங்கள். தெரியாதவர் அஞ்சலுக்குள் இருக்கும் இணைப்பைத் தொடவே கூடாது. ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே சொன்னதாகிவிடும், மோசடித் தளத்துக்கும் இழுத்துப் போகலாம். அத்தகைய அஞ்சலுக்கு ஸ்பேம் பொத்தான் போதும்.

இனிக் கொடுக்கும் முகவரிக்கு ஓர் உத்தி: ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டுக் கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுக்கலாம், அஞ்சல் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வேறொருவர் எழுதினால், உங்கள் முகவரி எந்தக் கடை வழியாக வெளியே போனது என்று தெரிந்துவிடும்.