லிங்கனின் கட்டளையும் பம்பாயின் பஞ்சும்

மாதுங்கா ரோடு நிலையத்தில் ரயிலேறிச் சர்ச்கேட் செல்லும் நம்மவர் நாள்தோறும் கிராண்ட் ரோடு நிலையத்தைக் கடந்து போகின்றனர். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த யுலிஸிஸ் கிராண்ட், பதவி நீங்கியபின், 1879ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தது உண்மையே. ஆயினும் அச்சாலைக்குப் பெயர் தந்தவர் அவரல்லர். 1835 முதல் 1838 வரை இங்கே கவர்னராயிருந்த ராபர்ட் கிராண்ட் என்பவர். ஆனால் அமெரிக்கக் கிராண்டின் போர்முனை வெற்றி ஒன்று, அவர் இங்கு வருமுன்பே, இந்நகரைக் கவிழ்க்கத் துணைபோயிருந்தது. அக்கதையை நாம் சற்றுக் காண்போம்.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிடுமாறு ஜனாதிபதி லிங்கன் கட்டளை பிறப்பித்தார். லங்காஷயர் ஆலைகள் நூற்ற பஞ்சில் பெரும்பகுதி அத்துறைமுகங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவ்வரத்து அற்றுப்போகவே, ஆலைக்காரர் இந்தியப் பஞ்சை நாடினர். நம் திருநெல்வேலிச் சீமைக் கரிசலில் விளைந்த பஞ்சுக்கும் விலை ஏறிற்று. பெருஞ்செல்வம் வந்து குவிந்ததோ பம்பாயில். மெத்தைகளைக் கிழித்துப் பழம்பஞ்சையும் விற்றார்களாம்!

வந்த பணம் சும்மா இருக்குமா? புதுப்புது வங்கிகளும் கம்பெனிகளும் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட பேக் பே கம்பெனியின் பங்கு, முகமதிப்பைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்குக்கு விலைபோயிற்று. தூர்க்கவேண்டிய கடலோ இன்னும் கடலாகவே கிடந்தது. இச்சூதாட்டத்தின் நடுநாயகர் பிரேம்சந்த் ராய்சந்த். அவர் சொன்னால் பம்பாய் வங்கி கடன் கொடுத்தது. பங்குப் பத்திரங்களையே ஈடாக வைத்துக்கொண்டு கொடுத்தது என்பதுதான் வேடிக்கை.

1865 ஏப்ரல் 9ஆம் நாள் தென்படைத் தளபதி லீ, கிராண்டிடம் சரணடைந்தார். ஐந்தாம் நாள் இரவில் லிங்கன் சுடப்பட்டார். அமைதி திரும்பப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோதே சரியத் தொடங்கிய பஞ்சு விலை அதலபாதாளத்தில் வீழ்ந்தது. உலகமே மகிழ்ந்த சமாதானம் பம்பாய்க்கு இடியாக வந்தது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று தீர்க்கவேண்டிய முன்பேரங்களுக்குப் பணம் தர ஆளில்லை. பெருவணிகர் பலர் திவாலாயினர், பிரேம்சந்தும் தப்பவில்லை. பம்பாய் வங்கி 1868இல் கலைக்கப்பட்டது. சரிவுக்கு முன்பே அவர் பல்கலைக்கழகத்துக்கு அளித்திருந்த நன்கொடைதான், அவர் அன்னையின் பெயரால் ராஜாபாய் மணிக்கூண்டாக 1878இல் நிறைவெய்தி, இன்றும் நிற்கிறது.

எளியவர் நிலையைக் குடிக்கணக்கு காட்டுகிறது. 1864இல் இந்நகரில் 8,16,562 பேர். 1872இல் 6,44,405 பேர். பிழைப்புத் தேடி வந்தோர் பல்லாயிரவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருத்தல் வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடுவோர் தாராவியில் வந்து குடியேறியது இதற்குப் பின்னர், அந்நூற்றாண்டின் இறுதியிலேதான்.