சாட்சி சொல்லக் கற்ற கேமரா

தெருமுனை மளிகைக் கடை முதல் கோயில் பிரகாரம் வரை இன்று எங்கு திரும்பினும் நம்மை நோக்கிக்கொண்டிருக்கும் கேமராவின் சரித்திரம், திருடனைப் பிடிக்கும் எண்ணத்தில் ஆரம்பித்ததன்று. பால்டிக் கடலோரத்தில் உள்ள பீனமுண்டே என்னும் ஊரில், 1942-ஆம் ஆண்டு, பிற்காலத்தில் வி-2 என்று பெயர் பெற்ற ராக்கெட்டை ஜெர்மானியர் ஏவிப் பரீட்சித்துக்கொண்டிருந்தபோது, ஏவுதளத்தின் அருகே நிற்பது உயிருக்கே ஆபத்தாக இருந்தமையால், எட்டத்தில் பத்திரமான ஓர் இடத்தில் அமர்ந்தபடியே ராக்கெட் கிளம்புவதைக் காண ஓர் உபாயம் தேவைப்பட்டது. வால்டர் ப்ரூக் என்னும் இஞ்சினீயர் வகுத்துக் கொடுத்த தொலைக்காட்சிக் கேமராவும், கம்பி வழியே வந்த பிம்பத்தைக் காட்டிய திரையுமே, சி.சி.டி.வி. என்று இன்று நாம் வழங்கும் ஏற்பாட்டுக்கு ஆரம்பகால உதாரணங்களுள் ஒன்றாகும்.

அந்தக் கேமரா நடப்பதைக் காட்டியது. நடந்ததைக் காட்ட அதற்குச் சக்தி இல்லை. திரைக்கு முன் ஒரு மனிதன் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் வரையில்தான் அதற்கு மதிப்பு. அவன் ஒரு கணம் தலையைத் திருப்பினால், அந்தக் கணத்தில் நிகழ்ந்தது உலகத்தில் நிகழாததற்கு ஒப்பாகிவிடும். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலிப் பெண்மணி, வேளை கெட்ட வேளையில் வேலை பார்த்ததாலும், அழைத்தால் போலீஸார் தாமதித்தே வந்ததாலும், தம் கணவருடன் சேர்ந்து 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2-ஆம் தேதி காப்புரிமை பெற்ற வீட்டுப் பாதுகாப்புச் சாதனமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. கதவில் மேலும் கீழுமாக நான்கு துவாரங்கள், அவற்றுக்கு நேரே நகரும் கேமரா, படுக்கையறையில் திரை, இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு விசை, ஆபத்தை அறிவிக்க மற்றொன்று என்று அதை அவர் நுணுக்கமாக யோசித்திருந்தார். ஆனால் அதுவும் வீட்டுக்காரரின் விழிப்பை நம்பியே நின்றது.

இந்தக் குறையைப் போக்க வந்தது வீடியோ நாடா. வந்ததென்னவோ உண்மை, முழுமையாகப் போக்கவில்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் உபயோகித்த காசெட் ஒன்று மூன்று மணி நேரம் ஓடக்கூடியது. அதற்குள் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் அடக்க வேண்டுமானால், எட்டுப் படங்களில் ஏழைத் தள்ளிவிட்டு ஒன்றை மட்டுமே பதிய வேண்டும். விநாடிக்கு ஐம்பது அரைப்படங்களாக வரும் காட்சியில் ஏறக்குறைய ஆறுதான் மிஞ்சும். ஒரே ரிக்கார்டரில் பதினாறு கேமராக்களை மாற்றி மாற்றிப் பதிந்தாலோ, ஒவ்வொரு கேமராவின் முறையும் இரண்டரை விநாடிக்கு ஒரு தடவைதான் வரும். இரண்டரை விநாடியில் ஒருவன் கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு வாசற்படி தாண்டிவிடலாம். நாடாவில் முந்தின படத்தில் அவன் கல்லாவின் அருகே நிற்பான், அடுத்த படத்தில் இருக்கமாட்டான். போதாக்குறைக்கு, அதே காசெட்டை மாதந்தோறும் அழித்து அழித்து மறுபடியும் பதிந்ததால், நாடா தேய்ந்து, பிம்பம் மேலும் மேலும் மங்கிக்கொண்டே போயிற்று.

இதன் விளைவை 1993 பிப்ரவரியில் இங்கிலாந்து தேசம் முழுவதும் கண்டது. அம்மாதம் 12-ஆம் தேதி, லிவர்பூலை அடுத்த பூட்டில் நகரத்துக் கடைத்தொகுதியிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை இரு சிறுவர்கள் கையைப் பிடித்து அழைத்துச் சென்றனர். குழந்தை பின்னர் கொல்லப்பட்டது. அவர்கள் அழைத்துச் செல்லும் காட்சி கடைத்தொகுதியின் கேமராவில் பதிவாகியிருந்தது. ஆனால் மங்கிய அந்த உருவங்களைக் கொண்டு முகம் அறிய முடியவில்லை என்பது மாத்திரமல்ல, பத்து வயதே ஆன அந்தச் சிறுவர்கள் பதின்மூன்று பதினான்கு வயதினர் என்றே முதலில் எண்ணப்பட்டனர். துரதிர்ஷ்டவசமாக, அந்தச் சம்பவம் தூண்டிய சோகத்தில் பிரிட்டிஷ் அரசாங்கம் ஊர் ஊராகக் கேமரா நிறுவ நிதி வழங்கிற்றே தவிர, கேமராவின் பார்வைத் திறனைப் பற்றிய கேள்வி அன்று போதிய அளவு எழவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பார்வைத் திறனுக்கு எல்லை வகுத்தது தொலைக்காட்சியின் விதியே. பீனமுண்டேயில் கேமரா அமைத்த அதே ப்ரூக், யுத்தத்துக்குப் பிறகு டெலிஃபுன்கன் கம்பெனியில் இருந்துகொண்டு 1960-களின் ஆரம்பத்தில் பால் என்னும் வர்ண ஒளிபரப்பு முறையை உருவாக்கினார். 1982-இல் தூர்தர்ஷன் வர்ணத்துக்கு மாறியபோது பாரதமும் அதையே கைக்கொண்டது. ஆகவே நம் ஊர் நகைக் கடைகளிலும் வங்கிகளிலும் முதலில் மாட்டிய அனலாக் கேமராக்கள் எல்லாம் 625 கோடுகளுக்குள் அடங்கியவையே. எத்தனை உயர்ந்த லென்ஸைப் பூட்டினாலும், அந்தப் படத்தை எண்களாக்கினால் 704-க்கு 576, அதாவது ஏறத்தாழ நான்கு லட்சம் புள்ளிகளே தேறும். ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் ஐம்பதில் ஒரு விநாடி வித்தியாசத்தில் பதிவாவதால், ஓடுகிறவனின் விளிம்பு சீப்புப் பற்களைப் போலச் சிதறிப்போகும். வேகமாகச் செல்லும் வண்டியின் நம்பர் பிளேட்டை நிறுத்திப் படிக்க நினைத்தால் எழுத்து இரண்டாகப் பிளந்து நிற்கும்.

இதில் ஒரு விசித்திரம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அனலாக் கேமராவின் வயிற்றுக்குள்ளேயே எண்முறை புகுந்துவிட்டது. லென்ஸிலிருந்து வந்த ஒளியை எண்ணாக மாற்றிச் செம்மைப்படுத்தி, கேபிளில் அனுப்புவதற்காக மறுபடியும் அலையாக மாற்றி, மறுமுனையில் இருக்கும் டி.வி.ஆர். பெட்டியில் திரும்பவும் எண்ணாக்கி ஹார்டு டிஸ்கில் எழுதினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் சிறிது இழந்தது. போதாததற்கு, கேபிளின் இரு முனைகளும் வெவ்வேறு எர்த்தில் சேர்ந்துவிட்டால் திரையில் மேலிருந்து கீழாகப் பட்டை ஓடத் தொடங்கும். கேமரா மாட்டும் தொழிலில் இருப்பவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் படாத பாடு படுவார்கள்.

இந்த வீண் பிரயாணத்தை நிறுத்தி, எண்ணான படம் எண்ணாகவே கடைசிவரை செல்லட்டும் என்ற யோசனை இரண்டு இடங்களில் முளைத்தது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில், காப்பிப் பாத்திரம் நிரம்பியிருக்கிறதா என்று மேஜையை விட்டு எழாமலே அறிய, 1991-இல் அதன் முன் ஒரு கேமராவை நிறுத்தி, படத்தை ஆய்வுக்கூடத்தின் நெட்வொர்க்கில் விட்டார்கள். 1993-இல் அது இணையத்துக்கும் வந்தது. மற்றோர் இடம் ஸ்வீடனின் லூந்த் நகரம். அங்கே 1984-இல் ஸ்தாபிதமாகி, பிரிண்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் சாதனங்களைச் செய்துவந்த ஆக்ஸிஸ் கம்யூனிகேஷன்ஸ் என்னும் கம்பெனி, அச்சுயந்திரத்துக்கு விலாசம் கொடுத்தது போலக் கேமராவுக்கும் ஒரு விலாசம் கொடுத்து, 1996-இல் நெட்ஐ 200 என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முழு அளவில் ஒரு படத்தை அனுப்ப அதற்குப் பதினேழு விநாடி பிடித்தது. காசெட் ரிக்கார்டரை விடவும் மந்தமான இந்தக் கருவியைக் கண்டு பாதுகாப்புத் தொழிலில் ஊறியவர்கள் அதைப் பொருட்படுத்தாதது இயல்பே.

பின்னர் வந்த மாற்றங்கள் வேகமானவை, விரித்துரைக்க வேண்டியதில்லை. 2003-இல் படத்தைச் சுருக்கும் எச்.264 முறையும், படம் செல்லும் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பி.ஓ.இ. நியமமும் நிலைபெற்றன. கேமரா ஒன்றுக்கு ஒரே கேபிள் என்றாயிற்று. 2008-இல் வெவ்வேறு கம்பெனிகளின் கேமராக்கள் ஒன்றோடொன்று பேசப் பொதுமொழி ஒன்று வகுக்கப்பட்டது. புள்ளிகள் இருபது லட்சம், நாற்பது லட்சம் என்று பெருகின. பழைய கேபிளிலேயே தெளிவான படம் அனுப்பும் புதிய அனலாக் முறைகளும் 2012-க்குப் பின் வந்து, விலை மலிவினால் இன்றும் நிலைத்திருக்கின்றன. நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டரோடு நின்றுவிட, அவை அதற்கும் அப்பால் செல்லும் என்பதையும் மறைக்கலாகாது. ஆகையால் தெளிவு ஒன்றையே, ஐ.பி. கேமரா எனப்படும் இந்த நெட்வொர்க் கேமராவின் மேன்மையாகச் சொல்வது பொருந்தாது. படம், பிடிக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே, பிடித்த இடத்தை விட்டு வேறு இடங்களுக்கும் கேமராவிலிருந்தே நேராகப் போய்ச் சேர முடிவதுதான் அதன் தலையாய மேன்மை என்று நான் கருதுகிறேன்.

வெளியே செல்ல வழியிருந்தால் உள்ளே வரவும் வழியிருக்கும். தொழிற்சாலையில் இட்ட பாஸ்வேர்டை மாற்றாமலே மாட்டிய ஆயிரக்கணக்கான கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் மிராய் என்னும் தீநிரல் கைப்பற்றி, 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அவற்றைக் கொண்டே, இணையத் தளங்களின் விலாசத்தைக் காட்டித் தரும் டின் என்ற கம்பெனியைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலியவை பல மணி நேரம் ஸ்தம்பித்தன. வீட்டுக் கதவைப் பூட்டுகிறவன் கேமராவின் பாஸ்வேர்டையும் மாற்றியே தீர வேண்டும்.

ஆயினும் படம் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருப்பதன் ஆபத்து அதைவிடப் பெரிது. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில தினங்களில் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்கு அறிக்கை அளித்த மாஜிஸ்திரேட், நிலையத்தின் ஹார்டு டிஸ்கில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும், சம்பவ தினமான 19-ஆம் தேதியிலிருந்து காட்சிகள் எவையும் இல்லாததையும் குறிப்பிட்டார். கேமராக்கள் இருந்தன, சாட்சி இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், தேசத்தின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் பார்க்கும், ஒலியையும் பதியும் கேமராக்களை நிறுவவும், பதிவுகளைப் பதினெட்டு மாதம், சாதனத்தின் கொள்ளளவு குறைவாயின் குறைந்தபட்சம் ஓராண்டு, காத்து வைக்கவும் உத்தரவிட்டது. கேமராக்கள் இயங்குவதற்கும் பதிவதற்குமான பொறுப்பை அந்தந்த நிலைய அதிகாரியிடமே அந்த உத்தரவு விட்டிருக்கிறது. நிலையத்துக்குள் படம் பதிவாகும் அதே வேளையில் அதன் பிரதி ஒன்று ஜில்லா நீதிமன்றத்தின் வசமும் சென்று சேருமாறு இனி விதி செய்ய வேண்டும். அதற்கான உபாயம் லூந்த் நகரத்திலிருந்து 1996-லேயே புறப்பட்டுவிட்டது.