சேற்றுக்குமிழியின் வரலாறு

செபராங் பிறையின் நெல்வயல்களில் நீர் நிற்குங்காலத்து அடிச்சேற்றைக் கிளறினால் குமிழிகள் எழுந்து உடையும். உழவர் நெடுங்காலமாகக் கண்டுவரும் காட்சி இது. அக்குமிழிக்குள் இருப்பது எரியும் இயல்புடைய மெதேன் வாயு. அதனை ஆக்குவன கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள். அவற்றை மாந்தர் அறிந்துகொள்ள இருநூறு ஆண்டுகள் ஆயின.

1776இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரிக்கரைச் சதுப்பிலே சேற்றைக் கிளறி, எழுந்த வாயுவைப் பிடித்துச் சோதித்தார். நெருப்புக் காட்டியதும் அது எரிந்தது. வாயு கைக்கு வந்தது. அதனை ஆக்குவது எது என்பது மட்டும் விளங்கவில்லை.

விளங்குமுன்பே பயன் கிட்டியது. 1897இல் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில், மனிதக் கழிவிலிருந்து இவ்வாயுவைப் பெற்றுப் பயன்படுத்தினர். 1950களில் ஜஷ்பாய் பட்டேல் ‘கிராமலட்சுமி’ என்னும் சாண எரிவாயுக் கலத்தை அமைத்தார். காதி கிராமத் தொழில் ஆணையம் 1960களில் அவ்வகைக் கலத்தை ஊர்களிற் பரப்பத் தொடங்கியது. குழியிற் சாணக்கரைசல் புளிக்கும். அதன்மேற் கவிழ்த்த இரும்புக் கொப்பரை, வாயு சேரச்சேர உயரும்.

குழியை மூடுவதற்குக் காரணம் உண்டு. பிற நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்துத் தரும் ஹைட்ரஜன், கரியமில வாயு, அசெட்டிக் அமிலம் முதலியவற்றை உண்டே இவை மெதேனை விடுகின்றன. உயிர்வளி பட்டால் இவற்றின் தொழில் நின்றுவிடும்.

இவற்றைப் பாக்டீரியாவின் ஓரினம் என்றே அறிஞர் கருதிவந்தனர். 1977இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் உயிரணுவிலுள்ள ரிபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, இவை பாக்டீரியாவினின்றும் வேறான தனிக்குலம் என நிறுவினர். ஆர்க்கியா எனப்படும் பெரும்பிரிவில் இன்று இவை அடங்கும்.

இவ்வறிவு பினாங்குக்கு ஏட்டுச் செய்தி மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழர் கரும்பு நட்ட வெல்லெஸ்லி மாகாணம், பின்னர் ரப்பருக்கும் செம்பனைக்கும் மாறியது. செம்பனை ஆலைக் கழிவுநீர் தேங்கும் திறந்த குளங்களின் அடியிலும் இந்நுண்ணுயிர்களே பெருகுகின்றன. நிபோங் திபாலை அடுத்த பூலாவ் புரோங் குப்பைக்களத்தில், தீவின் குப்பையும் பெருநிலத்தின் குப்பையும் சேர்கின்றன. அங்கே 1991 முதல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா முறை கையாளப்பட்டது. குப்பையின் அடியிற் குழாய் பதித்துக் காற்றைப் புகவிட்டு மெதேனைக் குறைப்பது அம்முறை. 2022 சனவரியில் அக்களம் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது.

நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை மெதேன் வானிற் சிறைப்படுத்துகிறது. மூடிய கலத்தில் வளர்த்து எரிபொருளாக்குவது ஒருவழி. காற்றூட்டித் தடுப்பது மற்றொரு வழி. மாதுங்கா முன்னதைக் காட்டியது; பூலாவ் புரோங் பின்னதைத் தேர்ந்தது. இரண்டும் செய்யாது திறந்தவெளியில் விட்டுவைப்பதே கேடு.