தூதரும் படிநிலையும்: கிறிஸ்தவ வேதாகமத்தில் தேவதூதர் கோட்பாட்டின் சமூக அடிப்படை

சமயக் கருத்துக்களை ஆராயப் புகும் முற்போக்காளர் பலர், விண்ணுலகம் மண்ணுலகின் பிரதிபலிப்பே என்று கூறி அத்துடன் அமைந்துவிடுகின்றனர். கூற்றுப் பிழையன்று. ஆயின் அது ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று. எக்காலத்து மண்ணுலகம், அதிலே எவ்வர்க்கத்தாரின் கண்ணுக்குப் புலப்பட்ட மண்ணுலகம் என்னும் வினாக்கள் எஞ்சியே நிற்கின்றன. கிறிஸ்தவ வேதாகமம் தேவதூதரைப் பற்றிக் கூறுவனவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

முதலிற் சொல்லை நோக்குதல் வேண்டும். எபிரெய மொழியில் 'மலாக்' என்பதும், அதனை மொழிபெயர்த்த கிரேக்கத்தில் 'அங்கெலோஸ்' என்பதும் செய்தி கொண்டு செல்பவன் என்றே பொருள்படும். ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்திலே யாக்கோபை எதிர்கொள்ளும் தேவதூதருக்கும், அவன் தன் தமையன் ஏசாவிடம் அனுப்பும் ஆட்களுக்கும் மூலத்தில் ஒரே சொல்லே வழங்குகின்றது. இலத்தீன் மொழிபெயர்ப்பிலேயே இவ்விரண்டும் பிரிந்து, வானத்தவர்க்கு ஒரு சொல்லும் மானிடர்க்கு வேறொரு சொல்லும் ஆயின. தமிழிலும் 'தேவதூதன்' என்ற வழக்குப் பழைய பொருளைக் காத்துநிற்க, கத்தோலிக்க மரபின் 'சம்மனசு' என்ற சொல்லிலே தூதுப்பொருள் வெளிப்படையாக இல்லை. ஆகவே வேதாகமத்தின் தூதன் அடிப்படையில் ஓர் இனத்தவன் அல்லன். ஒரு பணியைச் செய்பவன். பணி எவ்வாறு பதவியாயிற்று என்பதே நம் வினா.

இஸ்ரவேலின் பழைய நூற்பகுதிகள் காட்டுவது ஓர் அரசவையாகும். 1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில் மீகாயா என்னும் தீர்க்கதரிசி, ஆண்டவர் சிங்காசனத்தில் வீற்றிருக்க வானசேனை வலமும் இடமும் நின்று ஆலோசனை கூறுவதைக் காண்கிறான். யோபுவின் நூலிலும் இத்தகைய அவை கூடுகின்றது. 1929 முதல் சிரியக் கரையிலே உகரித்து நகரின் இடிபாடுகளிற் கிடைத்த களிமண் ஏடுகள், எல் என்னும் தெய்வத்தின் தலைமையிலே அவன் புதல்வர் கூடும் அவையைக் கூறுவன. கானானியச் சிறு முடியரசுகளின் அரசவை வடிவமே இரு மரபினதும் பின்னணி எனல் பொருந்தும். ஆயின் 82ஆம் சங்கீதம் அதே அவையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றது. ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நீதி வழங்கத் தவறிய வானவர், மனிதரைப் போலவே மாண்டொழிவர் என்று அங்கே தீர்ப்பாகின்றது. அரசவையின் பிரதிபலிப்பு என்று மட்டும் கூறி இதனை விளக்கிவிட முடியாது.

கி.மு. 586இல் எருசலேம் பாபிலோனியரால் அழிக்கப்பட்டது; கி.மு. 539இல் பாபிலோன் பாரசீகர் வசமாயிற்று. சிற்றரசின் இடத்தைப் பேரரசு பெற்றதும் தூதரின் தன்மையும் மாறிற்று. தாரியுவின் ஆட்சிக்காலத்தில், கி.மு. 520 அளவிலே இயங்கிய சகரியா, பூமியெங்கும் சுற்றிவந்து நிலைமையை அறிவிக்கும் குதிரைவீரரைக் காட்சியிற் காண்கிறான். பாரசீகப் பேரரசின் குதிரைத் தூதரைப் பற்றி ஹெரொடோட்டஸ் எழுதியிருப்பதை இதனுடன் ஒப்புநோக்குவது பயன் தரும். தூரத்து மன்னன் அதிகாரிகள் வாயிலாகவே ஆள்பவன். தூரமாகிவிட்ட கடவுளும் அவ்வாறே ஆள்பவராகின்றார். தூதரின் பெயர்கள் பாபிலோனிலிருந்து வந்தவை என்று எருசலேம் தல்மூது கூறுவதும் மனங்கொள்ளத்தக்கது.

எபிரெய வேதாகமத்திலே தூதர் பெயர் பெறுவது தானியேலின் நூலில் மட்டுமே. காபிரியேல், மிகாவேல் ஆகிய இருவரும் அங்குத் தோன்றுகின்றனர். அந்தியோகஸ் எபிபானேஸ் என்னும் செலூக்கிய மன்னன் கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூதரை ஒடுக்கிய சூழலிலேதான் இந்நூல் இன்றைய வடிவம் பெற்றது. பாரசீகத்துக்கும் கிரேக்கத்துக்கும் தனித்தனி வானப் பிரபுக்கள் உளர்; அவர்களை எதிர்த்து மிகாவேல் போரிடுகிறான். மண்ணிற் படையற்ற மக்கள் விண்ணிற் படை கண்டனர். இதே மரபைச் சேர்ந்த ஏனோக்கின் நூல், இருநூறு தூதர் இறங்கிவந்து மானிடப் பெண்களை மணந்ததையும், அவர்களுக்குப் பிறந்த இராட்சதர் மக்களின் உழைப்பின் பயன் முழுவதையும் விழுங்கியதையும், போர்க்கருவி செய்யும் வித்தை பரவியதையும் கூறுகின்றது. கி.மு. 323இல் அலெக்சாண்டர் மாண்டபின் அவன் தளபதிகள் நடத்திய போர்களின் நினைவை இதிற் காணும் அறிஞர் உளர். எத்தியோப்பியத் திருச்சபை மட்டுமே முழுமையாகக் காத்த இந்நூலின் அரமேயத் துண்டுகள் கும்ரான் குகைகளிலே கிடைத்துள்ளன. புதிய ஏற்பாட்டின் யூதா நிருபம் இதனை ஆதாரமாகக் கொள்கின்றது.

இயேசுவின் காலத்திலே இக்கோட்பாடு கட்சிப் பிரிவினைக்குரிய பொருளாயிருந்தது. சதுசேயர் உயிர்த்தெழுதலையும் தூதரையும் மறுத்தனர், பரிசேயர் ஏற்றனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரம் கூறுகின்றது. சதுசேயரின் செல்வாக்குச் செல்வரிடையே மட்டும் நிலவியதென்பது யோசேப்பஸ் தரும் சான்று. உரோம ஆட்சியோடு இணங்கி வாழ்ந்த குருத்துவ உயர்குடியினர்க்கு, இவ்வுலக ஒழுங்கைத் தலைகீழாக்கும் தூதர் வேண்டப்படாதவராயிருந்தமை வியப்பன்று.

லூக்கா சுவிசேஷத்தை இப்பின்னணியில் வைத்தே வாசித்தல் வேண்டும். கி.மு. 9இல் ஆசிய மாகாண நகரங்கள், பேரரசன் அகஸ்தஸின் பிறந்தநாளையே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கமெனத் தீர்மானித்தன. பிரியேனே நகரக் கல்வெட்டு இதற்குச் சான்று. லூக்காவிலே பிறப்புச் செய்தி அரண்மனைக்குச் செல்லவில்லை. இரவில் மந்தை காத்த மேய்ப்பரிடம் அது செல்கின்றது. சமாதானத்தைப் பாடும் வானசேனை அவர்களுக்கே தோன்றுகின்றது. திருவெளிப்பாட்டிலோ பாபிலோன் என்னும் மறைபெயரால் உரோமின் வீழ்ச்சியை அறிவிப்பவன் தூதனே. 18ஆம் அதிகாரத்தில் வணிகர் இழந்து புலம்பும் சரக்குகளின் பட்டியல் பொன்னிலே தொடங்கி அடிமைகளிலே முடிகின்றது. இந்நூலை எங்கெல்ஸ் 1883இலும் 1894இலும் ஆராய்ந்து, ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தின் ஆவணமாகக் கண்டார். அவர் அதற்குக் கொண்ட கி.பி. 68-69 என்னும் காலத்தை இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. தொமித்தியன் ஆண்ட முதலாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியையே கொள்கின்றனர். ஆயினும் அவர் சுட்டிய சமூக இயல்பு நிலைபெறுகின்றது. அந்நூலின் முடிவிலே, தன்னை வணங்க விழும் யோவானைத் தூதன் தடுத்து, தானும் அவனோடு உடன் அடிமையே என்கிறான். மூலத்தின் சொல் அடிமையையே குறிப்பது. பதவி இங்கே தன்னை மறுத்துக்கொள்கின்றது.

அவ்வாறாயின் படிநிலை எங்கிருந்து வந்தது? சிங்காசனங்கள், கர்த்தத்துவங்கள், துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்னும் பெயர்கள் பவுலின் பெயரால் வழங்கும் கொலோசெயர், எபேசியர் நிருபங்களில் வருகின்றன. ஆயின் அங்கே அவை ஒழுங்குபட்ட ஏணியாக அமையவில்லை. கிறிஸ்துவால் ஆயுதம் களையப்பட்டவையாகவும், விசுவாசிகள் எதிர்த்துப் போராட வேண்டியவையாகவும் அவை கூறப்படுகின்றன. தூதரை வணங்குதலையும் கொலோசெயர் நிருபம் கண்டிக்கின்றது.

கி.பி. 500 அளவிலே, சிரியாவைச் சேர்ந்தவரெனக் கருதப்படும் ஒருவர், பவுலின் ஆதென்ஸ் நகரச் சீடனான தியோனீசியுவின் பெயரைப் புனைந்துகொண்டு எழுதிய 'விண்ணகப் படிநிலை' என்னும் நூலே இவற்றை மும்மூன்றாக ஒன்பது அணிகளாக்கிற்று. 'ஹையராக்கி' என இன்று உலக மொழிகளில் வழங்கும் சொல்லையே ஆக்கியவர் அவர். 'திருச்சபைப் படிநிலை' என்னும் துணைநூலும் அவருடையது. குருவானவர் ஒருவரைக் கண்டித்த துறவியை நோக்கி, குரு தவறினும் கீழ்நிலையோன் அவரைத் திருத்தலாகாது என்று அவர் எழுதிய கடிதம், இவ்வானியலின் மண்ணுலகப் பயனை ஐயமற உணர்த்துகின்றது. 13ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் ஆயரான ஓவேர்ணின் வில்லியம், தூதர் அணிகளை அரசொன்றின் பதவிகளோடு ஒப்பிட்டு விளக்கினார். வென்று அடக்கப்பட வேண்டிய அதிகாரங்கள், பணிந்து ஏற்கப்பட வேண்டிய படிகளாயின. லொரென்சோ வல்லா 15ஆம் நூற்றாண்டில் ஆசிரியர் பெயரை ஐயுற்றார். லூத்தர் 1520இல் அந்நூல்களின் தகுதியையே மறுத்தார். 1895இலே ஜெர்மானிய அறிஞர் இருவரின் ஆய்வுகள் புனைபெயரை ஐயத்துக்கிடமின்றி நிறுவின.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது யாது? தேவதூதர் கோட்பாடு ஆளும் வர்க்கத்தின் கற்பனை மட்டுமன்று; ஒடுக்கப்பட்டோரின் கற்பனை மட்டுமன்று. ஒரே படிமத்தை இரு தரப்பினரும் தம்வயப்படுத்த முயன்ற வரலாறே அது. ஏணியை மட்டும் கண்டு மேய்ப்பரை மறப்போர், ஏணியை அமைத்தோரின் வாசிப்பையே தாமும் ஏற்றவராவர். மதம் துயரின் வெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான கண்டனமாகவும் ஒருங்கே உள்ளதென்று மார்க்ஸ் கூறியதன் முதற்பாதியோடு நின்றுவிடும் விமரிசனம் பாதி விமரிசனமே. அடிமையோடு தன்னை உடன் அடிமையென்று கூறிய தூதனை ஒன்பது படிகளின் உச்சிக்கு ஏற்றியவர் யாவர், எதன்பொருட்டு ஏற்றினர் என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடன்.